காஞ்சிச் சாலையில் பாலும் தினைச்சோறும்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையை நாம் ஓர் உணவுவழிப் பயணநூலாகவும் படிக்கலாம். தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் பாணனை ஆற்றுப்படுத்தும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழியில் எந்நிலத்து மக்கள் என்ன உணவு தந்து ஓம்புவர் என்பதையும் சொல்லிச் செல்கிறார். ஆயர் குடியில் கிடைப்பது பாலும் தினைச்சோறும். அங்கே ஓர் ஆய்மகள் விடியலில் தயிர் கடைகிறாள். மோரை மாற்றிப் பெற்ற உணவால் சுற்றத்தை ஊட்டுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைத் தந்தாலோ அவள் கொள்வதில்லை. எருமையும் பசுவும் கன்றுமாகவே பெறுகிறாள். பொன் கிடந்தபடி கிடக்கும், ஆநிரையோ பெருகும் என்றறிந்த பொருளியல் அது!

அதே தொண்டை நாட்டில், காஞ்சிச் சாலையில் இன்று நம்மை எதிர்கொள்ளும் ஊர் திருப்பெரும்புதூர். 1017-இல் இராமானுசர் பிறந்த மண். அவருடைய 'தான் உகந்த திருமேனி' இங்கேதான் எழுந்தருளியிருக்கிறது. ஏரிப்பாசனமும் கால்நடையுமாக இருந்த இச்சுற்றுவட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கியது 1996-இல். அவ்வாண்டு ஹூண்டாய் வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளிவந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசானும் 2012-இல் டைம்லரும் உற்பத்தியைத் தொடங்கின.

அண்மையில் இவ்வழியே சென்றபோது கடைவீதியை நிதானமாகப் பார்த்தோம். கொரிய எழுத்துகளில் பெயர்ப்பலகைகள், கொரிய மளிகைக் கடைகள், கிம்ச்சி பரிமாறும் உணவகங்கள். தொலைதூரம் வந்தவன் தன் ஊர்ச் சோற்றைத் தேடுவது இயல்பே. அதைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் சிறிது தள்ளி, ஆலைச் சுற்றுச்சுவரோரம் எருமைகள் சில புல் தேடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குரிய நிலத்துக்கு நம் வருவாய்த்துறை ஆவணங்களில் ஓர் அழகிய பெயர் உண்டு: மேய்க்கால் புறம்போக்கு. ஊர்ப் பொதுவான மேய்ச்சல் நிலம். ஆலைக்கு இடம் தேடும் கண்ணுக்கு அது வெற்றிடமாகத் தோன்றுவது எளிது. பட்டா நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு உண்டு. பட்டா இன்றி மாடு மேய்த்தவருக்கு? சென்னை மந்தைவெளியில் மந்தை போய்ப் பெயர் மட்டும் நிற்பதை நாம் அறிவோமல்லவா!

விருந்தோம்பலின் கதையும் இங்கே திசைமாறியிருக்கிறது. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சானதால் நோயுற்றனர். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு அப்பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. நல்ல செய்திதான். எனினும் அது வருவதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு முன் அப்பெண்கள் சாலையில் அமர வேண்டியிருந்தது.

வளம் வந்திருக்கிறது, நம் மாணவர் பலரின் வீடுகளில் அடுப்பெரிவதும் இவ்வாலைகளால்தான். ஆனால், வழிப்போக்கனுக்கு இன்ன இடத்தில் இன்ன உணவு உறுதி என்று ஒரு புலவன் துணிந்து பாடிய நாடு இது. இன்று வேலை தேடி இச்சாலையில் வரும் பெண்ணுக்கு அதே உறுதியை நாம் தர முடியுமா? ஓர் ஊரின் செல்வத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.