சனிக்கிழமை இரவும் வாடகைப் படமும்

வரலாறு என்றதும் அரசர்களும் ஒப்பந்தங்களும் போராட்டங்களுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. உழைத்துக் களைத்த மக்கள் தமக்குக் கிடைத்த சொற்ப ஓய்வை எவ்வாறு கழித்தனர் என்று ஆராய்வார் சிலரே. ஆயினும் ஒரு சமூகத்தின் உள்ளம் அதன் ஓய்வு நேரத்திலேதான் தெளிவாகப் புலப்படுகிறது. சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே வாழும் தமிழ்த் தொழிலாளர், 1980களிலும் அதன் பின்னரும் வார இறுதியில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோ படங்களின் கதையும் அத்தகைய ஒன்றாகும். அப்படங்களிற் பல சுமாரானவை. எடுத்தவர்களும் அதனை அறிந்தேதான் எடுத்தனர். அறிந்தும் ஏன் எடுத்தனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தோட்டத்து மனிதனுக்கு நாள் என்பது அவனுடைய உடைமையாக இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்திற்குச் செல்லுதல், கணக்கப்பிள்ளை குறித்த இடத்திற்கு வேலைக்குப் போதல், கொழுந்து நிறுத்தல், பால் கொண்டுவந்து ஊற்றுதல், அன்றைய பேர் முழுப்பேரோ அரைப்பேரோ என்று கவலையோடு கேட்டறிதல் என ஒவ்வொரு நாழிகையும் பிறர் வகுத்த வரிசையிலே கழிந்தது. அவன் குடியிருந்த காம்பராவுங்கூடத் தோட்டத்துக்கே உரியது. இரவு மாத்திரமே அவன் கையில் எஞ்சியது. அந்த இரவுகளை அவனுடைய முன்னோர் கூத்தினால் நிரப்பினார்கள். மாசியிலே காமன் கூத்தும், பிற காலங்களிலே அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடிய நடைபெற்றன. அதிகாலையில் வேலைக்கு அழைத்த அதே தப்பு, கூத்துக் களத்திலே மக்களின் சொந்த வாத்தியமாக ஒலித்தது.

கூத்தை அடுத்து வந்தது பேசும்படம். பட்டணத்துப் படமாளிகையிலே புதுப்படம் ஓடினால், சம்பளம் கிடைத்த வாரத்தில் இளைஞர் பல மைல் நடந்தும் சென்று பார்ப்பர். கண்டியிலே 1917ஆம் ஆண்டு பிறந்த எம்.ஜி.ஆரைத் தம் ஊரவராகவே தோட்டத்து மக்கள் கருதினார்கள். படத்தை நேரிற் காண இயலாதவர்க்கு இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு பாடல்களைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஆயினும் படமாளிகைக்குச் செல்லும் வழி வரவர அருமையாயிற்று. அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி, வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் பொறுப்பிலே கொண்டது. தென்னிந்தியப் படங்களின் வரவு சுருங்கிற்று. இதனினும் பெரிய தடையாக அமைந்தது அச்சம். சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல ஒரே பரப்பாகத் தொடர்ந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. அண்டை அயலாரிடையே அன்பும் கொடுக்கல் வாங்கலும் இருந்தபோதிலும், 1977ஆம் ஆண்டு வன்செயல் தோட்டங்களையும் தீண்டிற்று. 1981 ஆகஸ்டிலே இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 1983 யூலையைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. அதன்பின் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு இறப்பர்க் காட்டினூடே தமிழிற் பேசிக்கொண்டு நடந்துவர யாருக்குத் துணிவு வரும்? படத்தைத் தேடி மக்கள் செல்ல இயலாதபோது, மக்களைத் தேடிப் படம் வரவேண்டியதாயிற்று.

அதற்கான கருவி யப்பானிலே முன்னரே உருவாகியிருந்தது. வீ.எச்.எஸ். என்னும் வீடியோ நாடாமுறை 1976ஆம் ஆண்டு அங்கே விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ஜோர்ஜ் அட்கின்சன் என்பவர் ஐம்பது படங்களுடன் வாடகைக் கடை ஒன்றைத் தொடங்கினார். அதே 1977இல் இலங்கையிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்று திரும்பியோர் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொண்டுவந்தனர். சில ஆண்டுகளுக்குள் பட்டணந்தோறும் வீடியோ கடைகள் தோன்றின.

தோட்டத்திலே இதற்கு ‘டெக் எடுத்தல்’ என்று பெயர். சம்பளம் கிடைத்த பின் வரும் சனிக்கிழமை, அயற் காம்பராக்காரர் சிலர் பணம் சேர்ப்பர். அரைநாள் வேலை முடித்து, குளித்து, பஸ் ஏறிப் பட்டணம் சென்று, டெக்கையும் இரண்டு மூன்று படங்களையும் வாடகைக்கு எடுத்து வருவர். பெட்டி இல்லாத லயத்திற்கு அதனையும், மின்சாரம் எட்டாத லயத்திற்கு ஜெனரேற்றரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் தோளிலே சுமந்து மலைப்பாதையில் ஏறுவார்கள். இஸ்தோப்பிலே மேசை போட்டுப் பெட்டியை வைப்பர். முன்வரிசையிலே சிறுவர் சாக்கு விரித்து அமர்வர். பெண்கள் கம்பளியால் பிள்ளைகளைப் போர்த்தியபடி அமர்வர். ஆடவர் பின்னே நிற்பர். பணம் கொடாதவரையும் எவரும் எழுப்பி அனுப்பியதில்லை. சடங்கு வீடு, கலியாண வீடு, கோயில் திருவிழா, தீபாவளி எதுவாயினும் டெக் இல்லாத இரவு நிறைவற்றதாகவே கருதப்பட்டது.

படங்கள் சுமாராக இருந்ததற்கும் ஒரு காரணமுண்டு. பேர்பெற்ற நடிகர்களின் புதுப்படம் ஒரு கடையிலே ஓரிரு நாடாவே இருக்கும். பட்டணத்தார் அவற்றை முன்கூட்டியே எடுத்துவிடுவர். அரைப்பேர் முடித்து மாலையிலே வந்து சேரும் தோட்டத்தானுக்கு எஞ்சியவையே கிடைத்தன. தொலைந்த தம்பி கடைசியிற் கிடைக்கும் கதை, பண்ணையார் மகளை ஏழை மணக்கும் கதை என யாவரும் முடிவை அறிந்த படங்களே அவை. பலமுறை பிரதியெடுத்த நாடாவிலே வண்ணம் மங்கியிருக்கும், கோடுகள் ஓடும். ஆனால் அந்த மங்கிய ஒளியிலே மக்கள் வேறு சிலவற்றையும் கண்டார்கள்.

முதலாவது, பிரிந்த உறவினர் சென்ற நாடு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. அண்ணன் அங்கே, தம்பி இங்கே எனக் குடும்பங்கள் பிளவுண்டன. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரக் கப்பலும் நின்றது. கதாநாயகன் இறங்கும் பஸ் நிலையத்தையும் வயல் வரப்பையும் பார்த்து, “பெரியப்பா போன ஊரும் இப்படித்தான் இருக்குமோ?” என்று ஒரு பிள்ளை கேட்டால், அப்படத்தைச் சுமாரானது என்று தள்ளிவிட எவரால் இயலும்?

இரண்டாவது, மொழி. இம்மாவட்டங்களிலே தமிழ்ப் பாடசாலைகள் எண்ணிக்கையிற் குறைந்தவை. இருப்பவற்றிலும் மேல்வகுப்பு உள்ளவை மிகச் சில. ஆகவே பிள்ளைகள் பலர் சிங்கள மொழி வழியிலே கற்கின்றனர். சிங்களம் கற்றல் நன்றே. ஆனால் எழுத்துத் தமிழ் எட்டாத பிள்ளைக்கு, நீண்ட தமிழ் வாக்கியங்களைச் செவியில் இட்டவை வானொலியும் இந்த வாடகைப் படங்களுமே. புத்தகம் செய்யவேண்டிய பணியைப் பழுதுபட்ட ஒரு நாடா அரைகுறையாகவேனும் செய்தது.

தீமைகளையும் மறைத்தலாகாது. பற்றாத கூலியிலே வாடகையும் ஒரு செலவாயிற்று. ஆடவரிடையே குடியும் சில இரவுகளிலே கலந்தது. சண்டைக் காட்சிகளைச் சிறுவர் பார்த்துப் பயின்றனர். எல்லாவற்றிலும் பெரிய இழப்புக் கூத்துக்கே நேர்ந்தது. கூத்திலே ஊரே நடித்தது. டெக்கின் முன்னே ஊர் பார்வையாளராக அமர்ந்துவிட்டது. காமன் கூத்து முற்றாக மறையவில்லையெனினும், தப்படிக்கவும் பாட்டெடுக்கவும் இளையோர் வருவது குறைந்தது.

காலம் மேலும் மாறிற்று. வீடியோ நாடாவின் இடத்தை இறுவட்டு பிடித்தது. பின்னர் லயக் கூரைகளிலே செய்மதித் தட்டுகள் முளைத்தன. இன்று ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசியே படமாளிகை. விரும்பிய படம் விரும்பிய கணத்திலே கிடைக்கிறது. ஆனால் ஒரே இஸ்தோப்பிலே ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தமர்ந்து, ஒரே இடத்திற் சிரித்து, ஒரே இடத்திற் கண்ணீர் துடைத்த இரவு அத்துடன் கிடைப்பதில்லை.

தோட்டத் தொழிலாளர் வாடகைக்கு எடுத்தது படம் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். உண்மையிலே அவர்கள் எடுத்தது ஓர் இரவு. எவரும் பேர் போடாத, எவரும் ஏவாத, தம் மொழியிலே அச்சமின்றிக் கூடியிருந்த இரவு. திங்கட்கிழமை விடியுமுன் அவர்கள் மீண்டும் பெரட்டுக்களத்திலே நின்றார்கள். கொழுந்தெடுக்கும்போது அந்தச் சுமாரான படத்தின் கதையையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நிரையிலே நகர்ந்தார்கள்.