அச்சமும் ஆயத்தமும்

வரக்கூடிய இடரை முன்கூட்டியே எண்ணுதல் அறிவுடைமை. அதனையே எண்ணியெண்ணி நடுங்குதல் அறிவுடைமை ஆகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையைத் தவறவிட்டால் விளைவது யாது என்பதை, இரண்டாம் உலகப் போர்க்காலச் சிங்கப்பூரும் சென்னையும் நமக்குக் காட்டுகின்றன.

1938ஆம் ஆண்டில் செம்பவாங் கடற்படைத் தளத்தைத் திறந்த பிரிட்டிஷ் ஆட்சி, சிங்கப்பூரை எவராலும் வெல்லவியலாத கோட்டை எனப் பறைசாற்றியது. ஆனால், 1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, நகரின் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மூன்று நாள் கழித்துப் பினாங்கு வானில் விமானங்கள் தோன்றியபோது, மக்கள் தெருவில் கூடி நின்று வேடிக்கை பார்த்தனர். பலர் நின்ற இடத்திலேயே மடிந்தனர்.

அம்மாத இறுதியில், தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் சிம்சன், சிங்கப்பூரின் வடகரையில் அரண்கள் அமைக்குமாறு தளபதி பெர்சிவலை வற்புறுத்தினார். அவை படையினரின் மனவுறுதியையும் மக்களின் மனவுறுதியையும் குலைக்கும் எனத் தளபதி மறுத்ததாகச் சிம்சன் பின்னாளில் தம் நூலில் எழுதியுள்ளார். அச்சம் பிறந்துவிடுமோ என்னும் அச்சமே ஆயத்தத்தைத் தடுத்தது! 1942 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்தனர். 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

இவ்வீழ்ச்சி வங்கக் கடலின் மறுகரையையும் உலுக்கியது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. எனவே, சென்னை அஞ்சியதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும், இன்றியமையாப் பணியில் இல்லாதோர் நகரை விட்டு வெளியேறுமாறு அரசு அறிவித்ததும், அச்சம் அளவு கடந்தது. புகைவண்டிகள் நிரம்பி வழிந்தன; அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் என்னாவது என்றஞ்சி, விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். எதிர்பார்த்த படையெடுப்போ வரவேயில்லை.

ஒரு நகரம் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாது கெட்டது. மற்றொன்று அஞ்சி, வீடு வாசலைத் துறந்து அலைந்தது. மேலோட்டமாக நோக்கின் இவை எதிரெதிரானவை. ஆழ்ந்து நோக்கின் குறை ஒன்றே: இடர் வருமுன், உண்மையை அமைதியாக எடுத்துரைத்து, இன்னது நேரின் இன்னது செய்க என மக்களைப் பழக்கவில்லை. பழக்கம் இல்லாத இடத்தை முதலில் அலட்சியம் நிரப்புகிறது. பின்னர்த் திகில் நிரப்புகிறது.

அப்பாடத்தைச் சிங்கப்பூர் மறக்கவில்லை. 1984ஆம் ஆண்டில் முழுமைத் தற்காப்புக் கொள்கை அறிமுகமாயிற்று. இன்று ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் நாள் மாலை எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கிறது; அதனைக் கேட்டு எவரும் பதறி ஓடுவதில்லை. 1998 முதல் புதிய அடுக்குமாடி வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பாதுகாப்பு அறை அமைக்கப்படுகிறது. இல்லத்தரசியர் அங்கே அரிசி மூட்டையையும் பயணப் பெட்டியையும் அடுக்கி வைத்துள்ளனர். இதனை மெத்தனம் எனச் சிலர் கருதலாம். ஆபத்துக்கென அமைத்த அறை அன்றாட வாழ்வோடு இரண்டறக் கலந்திருப்பதே ஆயத்தத்தின் நல்லிலக்கணம் என்பேன்.

மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் நாம், போரின் ஆண்டுகளோடு இந்த வேறுபாட்டையும் கற்பிப்போமாக. செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவனே இரவில் அமைதியாக உறங்குகிறான்.