புள்ளிக்குப் பின்னால் இருக்கும் கதை



ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் தலவாக்கலை டவுனில் ஒரே கேள்விதான்: "வெட்டுப்புள்ளி தாண்டிட்டாரா?" படிப்பிக்கும் நாங்கள் அந்தப் புள்ளியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில் வந்த பரீட்சை இது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் திறமையானவர்களை மத்திய கல்லூரிகளுக்கு அனுப்பிப் படிப்பிப்பதே நோக்கம். 1945இல் இலவசக் கல்வியும் வந்தது.

தோட்டத்துப் பிள்ளைகளின் கதை வேறு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பாடசாலையைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. பல இடங்களில் ஒரே ஒரு வாத்தியார், ஆரம்ப வகுப்புகள் மட்டும். அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். அதாவது இலவசக் கல்வி வந்து 32 வருடங்களுக்குப் பிறகு!

இன்று பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். விடைத்தாளில் சுட்டெண் மட்டும்தான். திருத்துகிறவருக்குப் பிள்ளையின் பெயரும் தெரியாது, லயமும் தெரியாது. அது நியாயம்தான். ஆனால் மேலதிக வகுப்புக்குப் போக வழியில்லாத பிள்ளையின் கஷ்டமும் அந்தத் தாளில் தெரியாது. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளியை மாவட்ட வாரியாகவும் மொழி வாரியாகவும் வைப்பது இதனால்தான் முக்கியம். பிரபல பாடசாலைகளுக்கான வெட்டுப்புள்ளி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2024 செப்டம்பர் பரீட்சையில் முதலாம் தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானது நினைவிருக்கும். விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 31இல் தீர்ப்பு வந்தது. கடைசியில் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்கப்பட்டது. 2025 ஜனவரியில்தான் பெறுபேறு வந்தது. பெரியவர்கள் செய்த பிழைக்குப் பத்து வயதுப் பிள்ளைகள் நான்கு மாதம் காத்திருந்தார்கள். யோசித்து, தானாகவே சரியான விடை எழுதிய பிள்ளைக்கும் எழுதாத பிள்ளைக்கும் அங்கே ஒரே புள்ளி.

ஆகவே பெற்றோரே, புள்ளி என்பது மனிதர் வகுத்த ஓர் அளவுகோல். அது பிழைக்கவும் கூடும். 70 புள்ளி எடுத்த பிள்ளையும் படித்த பிள்ளைதான். பெறுபேறு வரும் நாளில் சித்தியடைந்த பிள்ளையை வாழ்த்துவோம். மற்றப் பிள்ளையின் புள்ளியை ஊர் முன்னால் கேட்காதிருப்போம். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை தன் பெறுபேற்றைத் தெரிந்துகொள்கிறது.