கூண்டு வண்டியிலிருந்து மாருதி வேன் வரை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்த பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறி மாறி வரையப்பட்டாலும் ஒரு வேறுபாடு மட்டும் மாறவில்லை. அரியலூர் வழியாக ரயில் செல்கிறது. பெரம்பலூருக்கு ரயில் இல்லை. அரியலூருக்கும்கூட அந்த ரயில் விழுப்புரம், திருச்சி என்னும் இரு முனைகளை இணைக்கும் ஒரே கோடுதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் ஒரு குடும்பம் மொத்தமாக ஊர்விட்டு ஊர் போவதென்பது எக்காலத்திலும் சொந்த வண்டியின் தயவையோ அடுத்தவர் வண்டியின் தயவையோ நம்பியே நடந்திருக்கிறது. மன்னர்களின் தேர்களையும் ஆங்கிலேயரின் ரயிலையும் பற்றி நிறைய எழுதிவிட்டோம். குடும்பங்கள் ஏறிச்சென்ற வண்டியைப் பற்றி எழுதியது குறைவு.

பிளசரும் வேனும்

முதலில் இருந்தது மாட்டு வண்டி. அதிலும் வகுப்பு வேற்றுமை உண்டு. கட்டை வண்டி சுமைக்கும் உழைப்பவருக்கும் உரியது. அதன்மேல் மூங்கில் வளைத்துப் பாய் போர்த்தினால் கூண்டு வண்டி. உள்ளே வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளம் விரித்தால் பெண்களும் குழந்தைகளும் திருவிழாவுக்குப் புறப்படலாம். இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில்லின்மேல் கூடு அமைந்தது வில்வண்டி. அது நிலக்கிழார் வீட்டு வாசலில் நின்றது.

பிறகு கார் வந்தது. தமிழ்க் கிராமங்கள் அதற்கு இட்ட பெயர் 'பிளசர்'. 'பிளஷர் கார்' என்ற ஆங்கிலத் தொடர் தேய்ந்து இச்சொல் ஆயிற்று. இன்பப் பயணத்துக்கான ஊர்தி என்பது பொருள். பெயரே அதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. பிளசரில் போகிறவர் வேறு, அதை நின்று பார்க்கிறவர் வேறு. அம்பாசடர் வாடகைக் கார்கள் பெருகிய பின்னரும், கார் என்பது கல்யாணத்துக்கும் மருத்துவமனைக்கும் காசு கொடுத்து அழைக்கப்படும் விருந்தாளியாகவே இருந்தது.

வேன் என்னும் சொல் அப்போதே புழக்கத்தில் இருந்தது. சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு நிறுவனம் வேன்கள் செய்தது. 1969இல் பஜாஜ் டெம்போவின் மெட்டடார் வந்தது. ஆனால் அவை தொழிலுக்கான ஊர்திகள். ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளும் வேன் 1984இல்தான் பிறந்தது.

சரக்குக்கென வரையப்பட்ட ஊர்தி

1981இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட மாருதி உத்யோக், 1982இல் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த கதை பலமுறை சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டே அதே 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினோடு 'மாருதி வேன்' வந்தது. 1988இல் அதற்கு 'ஆம்னி' என்று பெயர் மாற்றினார்கள்.

இதன் மூலம் சுசுகியின் 'கேரி'. போருக்குப் பிந்தைய ஜப்பான், 1949 முதல் சிற்றூர்திகளுக்கெனத் தனி வகுப்பு வைத்து, அளவையும் எஞ்சினையும் வரையறுத்து வரிச்சலுகை தந்தது. அந்த வரம்புக்குள் கடைக்காரரும் விவசாயியும் சரக்கு ஏற்ற வேண்டும். நீளம் கட்டுப்படுத்தப்பட்டபோது வடிவமைப்பாளர்கள் கண்ட வழி எளியது: எஞ்சினுக்கென முன்னால் ஒதுக்கும் மூக்கை வெட்டிவிட்டு, எஞ்சினை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவது. 1961இல் தொடங்கிய கேரி வரிசை இந்தச் சிக்கனத்தின் குழந்தை. பாகிஸ்தானில் இதே ஊர்தி 'பொலான்' என்ற பெயரில் 2024 வரை உற்பத்தியானது. மக்கள் அதை 'கேரி டப்பா' என்றே அழைத்தனர். டப்பா என்ற சொல்லுக்குத் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை.

ஒரு ஒப்பீடு கவனிக்கத்தக்கது. பிரான்சில் ரெனோ 'எஸ்பாஸ்' வெளிவந்ததும் 1984தான். அமெரிக்காவில் கிரைஸ்லரின் மினிவேன்கள் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தன. அவை குடும்பத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. நமக்குக் கிடைத்தது சரக்கை மனத்தில் வைத்து வரையப்பட்டது. அதைக் குடும்ப ஊர்தியாக்கியவர்கள் வாங்கியவர்கள்தாம்.

அம்பாசடர் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம், ஆம்னி 3.37 மீட்டர். ஒரு மீட்டர் குறைந்த வண்டியில் எட்டு இருக்கை வைக்க முடிந்தது, அதுவும் எதிரெதிராக. பின்சக்கரங்களின்மேல் பழைய வில்வண்டியின் தத்துவமே. அடுக்கிய இரும்புப் பட்டைகள். பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் கதவு. புடவை கட்டிய மூதாட்டி குனிந்து நெளியாமல் ஏறலாம். பெட்ரோல் எஞ்சினின் சூடு முன்னிருக்கைக்காரரின் தொடையைச் சுட்டது என்பது உண்மை. எனினும் பழுதுபார்க்க இருக்கையைத் தூக்கினால் போதும்.

எல்லோருக்குமானது

'ஆம்னிபஸ்' என்பது 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும் லத்தீன் சொல். 1820களில் பிரான்சின் நாந்து நகரில் பொது ஊர்திக்குப் பெயரானது. அதன் வால்பகுதி பிரிந்து 'பஸ்' ஆயிற்று. மோட்டார் வாகனச் சட்டம் அந்த முழுச்சொல்லைக் காப்பாற்றி வைத்திருந்ததால் தமிழ்நாட்டில் தனியார் தொலைதூரப் பேருந்து 'ஆம்னி பஸ்' ஆனது. மாருதி, சொல்லின் தலைப்பகுதியை எடுத்துக்கொண்டது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் அந்த வண்டி செய்த வேலையைப் பார்த்தால் பெயர் பொருந்தியது என்றே தோன்றும்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் நடை திறப்பது. குலதெய்வ வழிபாட்டுக்குப் புறப்படும் குடும்பம் ஆட்களோடு மட்டும் போவதில்லை. பொங்கல் பானை, விறகு, அரிசி, தூக்குவாளி, பிற குலதெய்வக் கோயில்களுக்கென்றால் சில நேரம் ஒரு கிடா. காதுகுத்துக்கு மாமன் சீர்த்தட்டுகள். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட தானியம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போகும் குடும்பங்களின் சோற்று மூட்டை. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டால் அதே வண்டியில் சின்ன வெங்காயமும் முந்திரிக்கொட்டையும் சந்தைக்குப் போகும். காலையில் சுமை, மாலையில் சுற்றம் என்று ஒரே ஊர்தி இருவேலை செய்ததால்தான், கார் வாங்குவதை நினைத்துப் பார்க்காத சிறு விவசாயியும் மளிகைக்கடைக்காரரும் அதை வாங்கத் துணிந்தனர். அது இன்பத்துக்கான பிளசர் அல்ல. செலவுக்குக் கணக்குச் சொல்லக்கூடிய ஊர்தி.

இதற்கும் மேலான ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2022இல். அதற்கு முன் பாம்புக்கடி, பூச்சிமருந்து, சிக்கலான பேறு என்றால் திருச்சிக்கோ தஞ்சைக்கோ ஓட வேண்டும். நள்ளிரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது தெருவுக்குத் தெரியும். வேன் வைத்திருப்பவர் வீடு. பெட்ரோல் காசு கொடுப்பார்கள், கொடுக்காமலும் போவார்கள். ஆனால் மறுத்தவர் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. உடைமை தனியாருடையது, உரிமை ஊருடையது என்ற ஏற்பாடு எழுதப்படாமலே நிலைபெற்றது.

ஆளை விரைவாக ஏற்றும் அதே சறுக்குக் கதவு வேறு பயன்களையும் கண்டது. தமிழ்த் திரைப்படங்களில் கடத்தல் என்றால் ஆம்னிதான். கடல் கடந்து ஈழத்தில் 'வெள்ளை வேன்' என்ற சொல்லைக் கேட்கும் தாய்மாருக்கு அது திரைக்காட்சி அல்ல. திரும்பி வராத பிள்ளை.

கணக்கில் வராதவர்கள்

ஊர் ஏற்பாட்டைச் சட்டம் அறியாது. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு, மஞ்சள் பலகை வாடகைக்கு. பெட்ரோல் காசு எந்த இடத்தில் வாடகையாகிறது என்பது விபத்து நடக்கும்வரை எழாத கேள்வி. நடந்தபின் காப்பீட்டு நிறுவனம் அதையே முதலில் கேட்கும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற வேன்களிலும் இதே மங்கலான எல்லைதான். 2012இல் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன. வீட்டுச் சிலிண்டரிலிருந்து எரிவாயு ஏற்றியதால் நேர்ந்த தீ விபத்துகளையும் செய்தித்தாள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இருக்கை எட்டு என்றால் ஏறியவர் பன்னிரண்டு. மடியில் அமர்ந்தவர் கணக்கில் சேர்வதில்லை என்பது கூண்டு வண்டி காலத்து எண்ணிக்கை. மாட்டின் வேகத்தில் அந்த எண்ணிக்கையால் பெருங்கேடு விளையவில்லை. ஆனால் அரியலூர் வட்டாரம் மாறிவிட்டிருந்தது. 1979இல் அரசு சிமென்ட் ஆலையும், பின்னர் தனியார் ஆலைகளும் எழுந்து, சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவு பகலாக ஓடத் தொடங்கின. பெரம்பலூர் வழியே செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாயிற்று. மூக்குள்ள காரில் மோதலின் விசையை எஞ்சின் அறையின் தகடு மடங்கித் தாங்கும். ஆம்னியில் தகட்டுக்கு அடுத்தது ஓட்டுநரின் முழங்கால். இடத்தை மிச்சப்படுத்திய அதே வெட்டுத்தான் உயிரைக் காக்கும் இடத்தையும் பறித்தது. அது வண்டியின் பழுதல்ல, அதன் இலக்கணம்.

2017 முதல் புதிய மாதிரிகளுக்கும், 2019 முதல் பழைய மாதிரிகளுக்கும் மோதல் சோதனை கட்டாயமானபோது ஆம்னியைத் திருத்திக் காப்பாற்ற வழியில்லை. ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஓடியபின் 2019இல் உற்பத்தி நின்றது. இடையில் 2001இல் 'வெர்சா' என்று வசதிகள் கூட்டி, விலையும் கூட்டி ஒரு வேன் வந்து தோற்றது. அந்த உடலையே வசதிகள் குறைத்து 2010இல் 'ஈக்கோ' என விற்றபோது வென்றது. அந்த ஈக்கோவும் 2016இல் குளோபல் என்கேப் சோதனையில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. 2025இல் அதற்கு ஆறு காற்றுப்பைகள் பொருத்தப்பட்டன. ஏழு இருக்கை ஆறாகக் குறைந்தது.

சட்டம் செய்தது சரி என்பதில் ஐயமில்லை. குழந்தைகளை எதிரெதிரே அமர்த்தி, லாரிகளுக்கு நடுவே, மெல்லிய தகட்டை நம்பி அனுப்புவதற்கு எந்த நினைவேக்கமும் நியாயமாகாது. எனினும் சோதனைச்சாலை ஒரு வேனை இன்னொரு காரோடு ஒப்பிடுகிறது. குன்னத்திலோ செந்துறையிலோ ஒரு குடும்பம் அதை ஒப்பிட்டுப் பார்ப்பது, கடைசிப் பேருந்து போனபின் நால்வர் நெருக்கி அமரும் இருசக்கர வண்டியோடு. பாதுகாப்பற்ற வேனை விலக்கிய அரசு, அந்த வேன் எவ்விடைவெளியை நிரப்பியது என்று கேட்டு அதை நிரப்பியிருக்க வேண்டும். 108 வந்தது, நள்ளிரவுக் கதவுதட்டலுக்கு அது விடை. குலதெய்வத்துக்கும் சந்தைக்கும் சுற்றம் முழுவதும் சேர்ந்து போகும் பயணத்துக்கு இன்னும் விடை வரவில்லை.

பெரம்பலூர்ச் சாலைகளில் பழைய ஆம்னிகள் இன்றும் கண்ணில் படுகின்றன. வண்ணம் மங்கி, கதவு இழுபட மறுத்து, பின்னால் மூட்டையும் முன்னால் இருவருமாகச் செல்கின்றன. அவை ஓய்ந்தபின், எல்லோருக்குமானது என்ற பொருள்கொண்ட வண்டியின் இடத்தில் எது நிற்கப்போகிறது என்பது அந்தச் சாலையோர ஊர்களின் கேள்வி.