புழு ஒன்று, மரபு வேறு

திருப்பூர் பின்னலாடைத் தொழிலின் ஆதாரம் பருத்தி. நூல் விலை உயரும்போதெல்லாம் வரி, ஏற்றுமதி, இருப்பு ஆகியவை விவாதிக்கப்படுகின்றன. வயலிலேயே விளைச்சலையும் பஞ்சின் தரத்தையும் குலைக்கும் இளஞ்சிவப்பு காய்ப்புழு அந்த விவாதங்களில் இடம்பெறுவது அரிது.

இப்புழு காய்க்குள் புகுந்து விதையைத் தின்று, பஞ்சைக் கறைப்படுத்துகிறது. உள்ளே மறைந்திருப்பதால், தெளிக்கப்படும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. அதற்கான தீர்வுகளுள் ஒன்றாகவே 2002-இல் பி.டி. பருத்தி இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. ஆனால், அதன் நச்சைத் தாங்கி வாழும் புழுக்கள் குஜராத்தில் தோன்றிவிட்டதாக 2010-இல் அறிவிக்கப்பட்டது. இரு நச்சு மரபணுக்கள் கொண்ட அடுத்த ரகமும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. 2017-இல் மகாராஷ்டிர விவசாயிகள் பேரிழப்பைச் சந்தித்தனர்.

பி.டி. நச்சு, புழுவின் குடலில் உள்ள கேடெரின் என்னும் புரதத்துடன் இணைந்தே செயல்படுகிறது. அப்புரதத்துக்கான மரபணு சிதைந்தால் நச்சு பலனற்றுப் போகும். அமெரிக்காவின் அரிசோனா புழுக்களில் இத்தகைய நான்கு சிதைவுகள் முன்பே கண்டறியப்பட்டிருந்தன. இந்தியாவின் ஏழு இடங்களைச் சேர்ந்த 436 புழுக்களைச் சோதித்து 2014-இல் வெளியான ஆய்வில், அந்த நான்கில் ஒன்றுகூடத் தென்படவில்லை. மாறாக, அதே மரபணுவில் முற்றிலும் புதிய எட்டுச் சிதைவுகள் வெளிப்பட்டன.

இனம் ஒன்று, மரபணுவும் ஒன்று. ஆயினும், பிரிந்து வாழும் கூட்டங்கள் ஒரே நச்சை வெவ்வேறு வழிகளில் வென்றிருக்கின்றன. அரிசோனா புழுக்களுக்கென உருவான மரபணுச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால், எதிர்ப்புத்திறன் பெற்ற இந்தியப் புழுக்களும் அதற்கு ஆட்படுபவையாகவே கணக்கிடப்பட்டிருக்கும்.

தீர்வுகளும் இடத்துக்கேற்ப அமைந்தவையே. மலட்டு அந்துப்பூச்சிகளையும் பி.டி. பருத்தியையும் இணைத்துப் பயன்படுத்திய அமெரிக்கா, தனது பருத்தி நிலங்களிலிருந்து இப்பூச்சி ஒழிக்கப்பட்டதாக 2018-இல் அறிவித்தது. சீனாவின் யாங்சி சமவெளியில், பி.டி. செடிகளும் சாதாரணச் செடிகளும் கலந்து முளைக்கும் இரண்டாம் தலைமுறை விதைகள் எதிர்ப்புத்திறனைக் கட்டுப்படுத்தின.

மூலனூர் ஏலத்துக்கு வரும் பருத்தி விளையும் வயல்களுக்கும் தனிக் கண்காணிப்பு தேவை. கோவையில் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையமும் வேளாண் பல்கலைக்கழகமும் உள்ளன. கொங்கு மண்டலப் புழுக்களை ஆண்டுதோறும் சேகரித்துச் சோதித்து, முடிவுகளை விதைப்புக்கு முன்பே தமிழில் வெளியிட வேண்டும். வெளியூர்ப் பருத்தி வந்திறங்கும் ஜின்னிங் ஆலைகளில் இனக்கவர்ச்சிப் பொறிகளைக் கட்டாயமாக்க வேண்டும். குஜராத் புழுவின் கணக்கைக் கொண்டு கொங்கு வயலுக்கு விதை பரிந்துரைப்பது விவேகமாகாது.