மிதிலைச் சுவர்களும் அவற்றைக் கண்ட கண்களும்

பிகாரின் வடபகுதியில், கங்கைக்கும் இமயத்தின் அடிவாரத்திற்கும் இடையே பரந்து கிடக்கும் மிதிலைப் பிரதேசத்தில், ஒரு வீட்டில் விவாகம் நிச்சயமாகிவிட்டால், அவ்வீட்டுப் பெண்களின் கவனமெல்லாம் மணமக்கள் தங்கப்போகும் 'கோஹ்பர்' என்னும் அறையின் சுவரின்மீது குவிந்துவிடும். மூங்கில் சிம்பின் நுனியில் பஞ்சைச் சுற்றி, விளக்குக் கரியையும் மஞ்சளையும் பலாச மலரின் சாயத்தையும் தொட்டு, தாமரைக் கூட்டத்தை ஊடுருவி எழும் மூங்கில் தண்டையும், அதைச் சூழ்ந்து மீன், ஆமை, கிளி, சூரிய சந்திரர் முதலிய மங்கல வடிவங்களையும், மூத்தவள் கோடிழுக்க இளையவர்கள் வர்ணம் நிரப்பத் தீட்டி முடிப்பார்கள். தரையில் அரிசியை அரைத்துக் கரைத்து இடும் 'அரிபன்' நம்முடைய மாக்கோலத்திற்குச் சகோதரி முறை. வீட்டுக் காரியங்களோடு காரியமாக நடந்து வந்த இந்தச் சித்திர வேலையைக் கலை என்று கருதி, வெளியிலிருந்து ஒருவரும் அதைத் தேடி வந்ததில்லை.

1934 ஜனவரி 15ஆம் தேதி அப்பிரதேசத்தைக் குலுக்கிய பூகம்பத்தில் வீடுகள் பிளந்து விழுந்தன. மதுபனி வட்டாரத்தின் அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர், சேதங்களைப் பார்வையிடும் கடமையில் கிராமங்களுக்குச் சென்றபோது, அந்நிய ஆடவர் நுழைய முடியாத உள்ளறைகளின் சுவர்கள் திறந்து கிடக்க, அவற்றின் சித்திரங்களைக் கண்டு திகைத்து நின்றார். ஐரோப்பாவின் நவீன ஓவியர்களான க்ளே, மிரோ ஆகியோரின் தைரியமான ரேகைகளும் வர்ணங்களும், எழுத்தறியாத குடியானவப் பெண்களின் கைகளில் எப்படிப் பிறந்தன என்பதே அவரது வியப்பு. அவர் எடுத்த புகைப்படங்களும், 1949இல் 'மார்க்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையும் ரசிகர் உலகிற்கு மிதிலையை அறிமுகப்படுத்தின. ஆனால் அந்தப் பெண்களின் வாழ்க்கையோ முன்போலவே நடந்தது.

அதை மாற்றியது ஒரு க்ஷாமம். 1966-67இல் பிகாரில் மழை பொய்த்து மக்கள் தவித்தபோது, கைவினைத் தொழில்களின் நலனில் தீராத அக்கறை கொண்டிருந்த புபுல் ஜயகர், பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மதுபனிக்கு அனுப்பிவைத்தார். சுவரில் தீட்டியதைக் காகிதத்தில் தீட்டிக் கொடுங்கள், விலை தருகிறோம் என்பதே குல்கர்னி கொண்டு சென்ற செய்தி. கலாசாலையில் பயின்ற அவர், அப்பெண்களுக்குச் சித்திரம் கற்பிக்க முற்படாமல், காகிதத்தையும் கூலியையும் கொடுத்து, அவர்கள் கை போன போக்கிற்கே விட்டார் என்பதுதான், என் மனத்தில், அவருடைய பேருதவி. அப்படிக் காகிதத்தில் தீட்டியவர்களில், ஜித்வார்பூர் கிராமத்தின் ஜகதம்பா தேவிக்கு 1975இலும், சீதா தேவிக்கு 1981இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவ்விதம் விடப்பட்ட கை எங்கே செல்லும் என்பதற்குக் கங்கா தேவியைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் இல்லை. சந்தானமில்லாத காரணத்தால் கணவர் வேறொருத்தியை மணந்துகொள்ள, இல்லறத்தில் இடமிழந்து நின்ற அவர், காயஸ்தப் பெண்களுக்கே உரிய நுண்கோட்டு வேலையை எழுதுகோல் முனையில் வளர்த்து, ராமாயணக் காட்சிகளோடு மனித வாழ்வின் பருவங்களையும் தீட்டினார். 1985இல் அமெரிக்கா சென்றபோது அங்குக் கண்ட ரோலர் கோஸ்டர் விளையாட்டு ரயிலும் அவர் காகிதத்தில் ஏறியது; பின்னர் புற்றுநோய் பீடித்தபோது, அந்த ஆஸ்பத்திரி அனுபவமே சித்திரத் தொடராயிற்று. சம்பிரதாயம் என்பது பழைய வடிவங்களைத் திரும்பத் திரும்பத் தீட்டுவது மட்டுமே என்று எண்ணி, விலைபோகும் உருவங்களையே கேட்டு வாங்கிய வியாபாரிகள் அநேகர். அவர்கள் கண்ணில் இந்த அம்மையாரின் சாதனை பட்டிருந்தால் நன்றாயிருக்கும். 1991இல் அவர் மறைந்தார். நோயினிடையே டில்லி கைவினை அருங்காட்சியகத்தில் அவர் தீட்டிய கோஹ்பர் அறை 2015இல் இடிக்கப்பட்டது என்பதை இன்றும் வேதனையின்றிச் சொல்ல முடியவில்லை.

முதலில் பேர் பெற்றவர்கள் பெரும்பாலும் பிராமண, காயஸ்தக் குடும்பத்துப் பெண்கள். எழுபதுகளில், ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் எரிகா மோஸரின் ஊக்கத்தால், ஒடுக்கப்பட்ட துஸாத் சமூகத்துப் பெண்களும் காகிதத்தைக் கையிலெடுத்தனர். கோஹ்பர் வடிவங்களை இரவல் வாங்காமல், தங்கள் உடம்பில் குத்தியிருந்த பச்சைக் கோலங்களையும், தங்கள் குலவீரன் ராஜா ஸல்ஹேஸின் கதைகளையும் கொண்டு, 'கோத்னா' என்னும் புதிய வழியைச் சானோ தேவி முதலியோர் வகுத்தனர்.

ராந்தி கிராமத்தில் மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி ஆகிய ஓவியர்களின் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர், மீனவக் குலத்தைச் சேர்ந்த துலாரி தேவி. அவ்வீட்டார் தீட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு எழுந்த ஆசையை, வேலைக்காரிக்கு இது எதற்கு என்று தள்ளாமல், அந்த அம்மையார்கள் கற்றுக்கொடுத்தார்கள். இந்தத் தயை சாமானியமானதன்று. அரசாங்கத் திட்டங்கள் எட்டாத இடத்தை அது எட்டியது. துலாரி தேவி தம் வாழ்க்கையைத் தாமே சித்திரங்களாகத் தீட்டிய நூலைச் சென்னையிலுள்ள தாரா புக்ஸ் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. 2021இல் அவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவரும் இப்போது தம் கிராமத்துக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்.