முன்னும் பின்னும்: சொல்லாக்கத்தில் ஒட்டுகளின் வரலாறு

தெலுக் பங்லிமா காராங் என்னும் ஊர்ப்பெயரில் மூன்று மலாய்ச் சொற்கள் உள்ளன. தெலுக் என்பது விரிகுடா. பங்லிமா என்பது படைத்தலைவன். காராங் என்பது கடுமை மிக்க என்னும் அடை. மலாய்மொழி பொருளை முதலில் வைத்து அடையைப் பின்னர் வைக்கிறது. இப்பெயரையே தமிழில் அமைத்தால் 'கடுஞ்சினப் படைத்தலைவன் விரிகுடா' என வரிசை தலைகீழாகிவிடும். இவ்வூர்த் தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பயில்கின்றனர். சொற்களின் வரிசை மட்டுமன்றி, ஒரு சொல்லோடு ஒட்டு வந்து சேரும் இடமும் இம்மூன்று மொழிகளிலும் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டின் வரலாற்றையும், புதுச்சொல் ஆக்குவோர் அதிலிருந்து கொள்ளவேண்டிய பாடத்தையும் இவ்வுரையில் காண்போம்.

முதலில் தமிழை நோக்குவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பகுபத உறுப்புகளை ஆறாக வகுத்தது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்பன அவை. இவற்றுள் பகுதிக்கு முன்னே வரும் உறுப்பு ஒன்றேனும் இல்லை. அ, இ, உ என்னும் சுட்டும், எ முதலிய வினாவும் சொல்லுக்கு முன்னே வரும். எனினும் அவை மிகச் சிலவே. தமிழ்ச்சொல் பின்னோக்கி வளரும் இயல்பினது. எதிர்மறையும் இதற்கு விலக்கன்று. 'அறியாமை' என்பதில் அறி என்பது பகுதி, ஆ என்பது எதிர்மறை இடைநிலை, மை என்பது விகுதி. திருக்குறளில் கல்லாமை, கொல்லாமை, வெகுளாமை என வரும் அதிகாரப் பெயர்கள் யாவும் இவ்வாறு அமைந்தவையே. 1856ஆம் ஆண்டு கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், வடமொழிக் குடும்பத்திலிருந்து இம்மொழிகள் வேறுபடும் கூறுகளை எடுத்துக்காட்டியபோது, உறவுணர்த்தும் உருபுகள் பெயருக்குப் பின்னே வருதலையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார்.

ஆங்கிலமோ இருபுறமும் வளர்வது. 'கைண்ட்' என்பது அன்புடைய எனப் பொருள்படும். அதன்முன் 'அன்' சேர்ந்து எதிர்மறையாகும். பின் 'நெஸ்' சேர்ந்து பண்புப்பெயராகும். 'அன்கைண்ட்னெஸ்' எனச் சொல்லுக்கு இருபுறமும் நிற்கும் இவ்விரு பணிகளையும் தமிழின் 'அன்பின்மை' பின்னே வரும் 'இன்மை' ஒன்றினாலேயே முடித்துவிடுகிறது.

ஆங்கில ஒட்டுகள் அனைத்தும் ஒரே காலத்தவை அல்ல. 'அன்', 'நெஸ்', 'ஃபுல்' ஆகியவை அம்மொழியின் பழஞ்செல்வம். 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு வழியாக 'ரீ', 'மென்ட்', 'ஏபிள்' முதலியவை சொற்களோடு ஒட்டி வந்தன. தொடக்கத்தில் பிரெஞ்சுச் சொற்களோடு மட்டும் வந்த 'ஏபிள்', காலப்போக்கில் 'ரீட்' என்னும் ஆங்கில வினையோடும் சேர்ந்து 'ரீடபிள்' ஆயிற்று. மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன், கிரேக்க ஒட்டுகள் மேலும் பெருகின. மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. 'ஃபிரீடம்' என்பதன் இறுதியில் உள்ள 'டம்', பழைய ஆங்கிலத்தில் தீர்ப்பு, ஆணை எனப் பொருள்பட்ட தனிச்சொல். இன்று விகுதியாக உள்ளது அன்று முழுச்சொல்லாக இருந்தது. தமிழிலும் ஆளுதல் என்னும் வினையடியோடு தொடர்புடைய 'ஆளர்' என்பது எழுத்தாளர், தொழிலாளர் என விகுதிபோல் வழங்கக் காண்கிறோம்.

மலாய் இருபுறமும் வளர்வதோடு, சொல்லைச் சூழ்ந்தும் வளரும். இதற்கு நம் சொற்களே சான்றாகின்றன. தமிழ்க் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கடையை நடத்துபவரை நாம் பின்னொட்டுச் சேர்த்துக் 'கடைக்காரர்' என்கிறோம். மலாய்க்காரர் முன்னொட்டுச் சேர்த்துப் 'பெகெடாய்' என்கின்றனர். தமிழ்க் 'கப்பல்' அங்கே 'காப்பால்' ஆகி, முன்னே 'பெர்', பின்னே 'ஆன்' பெற்று, கப்பல் தொழிலைக் குறிக்கும் 'பெர்காப்பாலான்' ஆயிற்று. சொல் கடல் கடந்து சென்றது; அதனோடு நம் விகுதி செல்லவில்லை. குடியேறிய சொல், குடியேறிய மொழியின் இலக்கணத்தையே ஏற்றது. இவ்வுண்மையைச் சொல்லாக்கம் செய்வோர் மனத்திற்கொள்ள வேண்டும்.

அறிவியலைத் தமிழிற் கற்பிக்கும் வேட்கை எழுந்தபோது, ஒட்டுகளைப் பற்றிய கேள்வியும் எழுந்தது. 1916ஆம் ஆண்டு சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனவே ஒரு சங்கம் கண்டனர். ஆங்கிலத்தின் முன்னொட்டுகளுக்கு நேராக வடமொழியின் உபசர்க்கங்கள் கைக்கு எளிதாகக் கிடைத்தன. 'உபதலைவர்' போன்றவை அவ்வழியில் பிறந்தவை. பின்வந்தோர் அதனைத் 'துணைத்தலைவர்' ஆக்கினர். இங்கே 'துணை' முன்னொட்டுப்போல் தோன்றினும் ஒட்டன்று. தனித்து நிற்கவல்ல பெயர்ச்சொல். த் என்னும் வல்லின ஒற்று மிகுந்திருப்பதே அது தொகைச்சொல் என்பதற்குச் சான்று. நம் பள்ளிகளில் வழங்கும் 'மீள்பார்வை' என்பதும் இத்தகையதே. ஆங்கில 'ரீ' என்பதன் இடத்தில் நிற்கும் 'மீள்' ஒரு வினையடி. ஆகவே அச்சொல் ஊறுகாய் போன்ற வினைத்தொகை. முள் என்னும் பெயர் 'முட்செடி' எனத் திரிவதுபோல் அது திரியாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே. தமிழில் முன்னொட்டு இல்லாத குறையைத் தொகைகள் நிறைவு செய்கின்றன.

மூன்று மொழிகளும் ஒரே கருத்தை எவ்வாறு கையாள்கின்றன என ஒப்பிடுவோம். பள்ளியில் சேருமுன் குழந்தைகள் பயிலும் இடத்தை ஆங்கிலம் 'பிரீஸ்கூல்' என்கிறது. மலாய், வடமொழியின் 'பிர' என்பதைப் போர்த்துகீசிய வழிவந்த 'செகோலா' என்பதோடு சேர்த்துப் 'பிராசெகோலா' என்கிறது. இலங்கைத் தமிழர் 'முன்பள்ளி' என்பர். மலேசியத் தமிழர் ஒட்டை நாடாமல், அங்கே பயில்பவர் யாவர் என நோக்கிப் 'பாலர் பள்ளி' என்றனர். அதனைக் கேட்கும் தாய்க்கு விளக்கம் வேண்டுவதில்லை.

2009ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஊழல் தடுப்பு ஆணையத்தின் பெயரும் இவ்வாறே. ஆங்கிலப் பெயர் 'ஆன்டி' என்பதைச் சொல்லின் முன்னே வைக்கிறது. மலாய்ப் பெயரில் 'செகா' என்னும் வினையை இருபுறமும் ஒட்டுகள் சூழ்ந்து 'பென்செகாஹான்' ஆக்குகின்றன. தமிழிலோ 'தடுப்பு' ஊழலுக்குப் பின்னே நிற்கிறது. ஆங்கிலத்தை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்து 'எதிரூழல்' என்றால் என்னாகும்? எதிர்க்கட்சி என்பது எதிர்க்கும் கட்சி. அவ்வழியே எதிரூழல் என்பது எதிர்க்கும் ஊழல் ஆகிவிடும். தமிழ்த் தொகையில் பெரும்பாலும் இறுதிச்சொல்லே தலைமை பெறும் என்பதை மறந்தால், பொருளே மாறிப்போகும்.

ஆகவே, ஒட்டை மொழிபெயர்த்தல் சொல்லை மொழிபெயர்த்தல் ஆகாது. ஆசிரியர்கள் வகுப்பறையில் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். புதிய கலைச்சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, ஆங்கில மூலத்தைக் கூறாமல், மாணவரைப் பிரித்துப் பொருள் சொல்லச் செய்க. அவர்கள் பொருளை அணுகினால் அச்சொல் வாழும். மூலத்தைக் கூறிய பின்னரே பொருள் விளங்குமாயின், அது தமிழ் எழுத்தில் நிற்கும் ஆங்கிலமே. அத்தகைய சொற்கள் பெருகினால், தமிழில் அறிவியல் பயில்வதனால் பயனில்லை என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றும். பாடநூல் தமிழில் இருந்தும் பாடம் தமிழில் நிகழாது. மும்மொழி அறிந்த நம் மாணவர்க்கு இந்த ஒப்பீடு கடினமன்று. 'பெகெடாய்', 'கடைக்காரர்' ஆகிய இரண்டையும் அருகருகே எழுதிக்காட்டினால், ஒவ்வொரு மொழிக்கும் தனக்கென ஒரு கட்டமைப்பு உண்டு என்பதை அவர்களே கண்டறிவர்.